நெருப்பில்லாத வீடு

கெசியா வாசற்படியிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வந்து உட்காரட்டும் என்று பிரம்மநாயகி நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தாள். அவளோ நாற்காலியைப் பார்க்காமல், கீழே கிடந்த மிதியடியின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் அவள். பிரம்மநாயகிக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். தோள்பையை இறக்காமலே, "இது வேண்டாம்மா. ஐயா மூக்குல குழாயோட நடக்கும்போது இந்த ஓரம் கால வாரிவிட்ரும்" என்றாள்.

பிரம்மநாயகி மிதியடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவளுடைய பழைய சேலைகளைக் கிழித்து அவளே பின்னியது அது. அதைச் சொல்லவில்லை. கெசியா எழுந்து வீட்டைச் சுற்றி வந்தாள். குளியலறைத் தரையைப் பாதத்தால் தேய்த்துப் பார்த்து முகம் சுளித்தாள். உள்தாழ்ப்பாளை எடுத்துவிடச் சொன்னாள். நடைபாதையில் குறுக்கே போன ஒயரைச் சுவரோரமாக ஒதுக்கினாள். கட்டிலுக்கு அடியில் இருந்த மண்ணெண்ணெய் டின்னைத் தன் கையாலேயே இழுத்து வெளியே வைத்தாள். அவள் சுட்டிக்காட்டியதை எல்லாம் எடுத்து எடுத்து, அடுப்படிக்கு வருவதற்குள் பிரம்மநாயகியின் இரண்டு கையும் நிறைந்துவிட்டது. வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவள் போல அவள் தன் வீட்டுக்குள்ளேயே நின்றாள்.

"விளக்கு எங்கன ஏத்துதீங்க?"

கட்டிலுக்கு மேலே சுவர்மாடத்தைக் காட்டினாள் பிரம்மநாயகி.

"இனிமே அடுப்படியில ஏத்துங்க. இந்த ரூமுக்குள்ள நெருப்புங்கிற பேச்சே இருக்கப்படாது. விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் ஒண்ணும் வேண்டாம். ஆக்சிஜன் தானா எரியாதும்மா. ஆனா ஒரு பொறி கெடச்சாப் போதும், கிட்ட இருக்கத எல்லாம் பிடிச்சு எரிய வச்சுரும். ஐயா சட்டை, தலகாணி, போர்வை எல்லாத்துலயும் அது ஊறிப்போயிருக்கும். மிஷின நிறுத்துன பொறவும் கொஞ்ச நேரம் இருக்கும். மூக்குக்கு என்ன தடவுதீங்க?"

"காஞ்சு வெடிக்குன்னு தேங்காண்ண தடவுதேன்."

"எண்ணெயும் வேண்டாம். நான் வேற களிம்பு தாரேன்." கட்டில் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா இப்பவும் பீடி குடிக்காகளா?"

"அது இழுத்துத்தான இப்படிக் கிடக்காக. இப்ப இல்ல."

"நெசமா?"

"இல்லம்மா."

கட்டிலில் தலையணைகளை அண்டக்கொடுத்துச் சாய்ந்திருந்த அவள் கணவர் குற்றாலலிங்கம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கடியில் இரண்டு முனைகளாகப் பிரிந்திருந்த குழாய், காதுகளைச் சுற்றிக் கழுத்தடியில் ஒன்றாகி, தரையில் வளைந்து வளைந்து மூலையில் இருந்த ஆக்சிஜன் மிஷினுக்குள் போயிற்று. மிஷினின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குப்பி. அதில் தண்ணீர் சதா கொப்புளித்துக்கொண்டிருந்தது. கெசியா போன பிறகும் அந்தச் சத்தம் மட்டும் இருந்தது.

விக்கிரமசிங்கபுரத்தில் மில்லுக்குப் போன ஆண்கள் குடியிருந்த தெருக்களில் ஒன்று அது. குற்றாலலிங்கம் நூற்புப் பிரிவில் நின்று நின்றே வயதானவர். ஓய்வுபெற்ற பிறகும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மில் வாசல் டீக்கடை வரைக்கும் போய் வருவார். முதலில் ஏற்றத்தில் இறங்கி உருட்டினார். பிறகு சமதரையிலும் உருட்டினார். அதற்கப்புறம் சைக்கிளைத் தொடவில்லை. நெல்லை டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா பீடி?" என்று மட்டும் கேட்டார். சென்னையில் வேலை பார்க்கும் மகன் கணேஷ்ராம் மிஷினை வாங்கி இறக்கினான். இரண்டு நாள் இருந்து எல்லாவற்றையும் இயக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

மிஷின் வந்த பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கவேண்டி இருந்ததால் குற்றாலலிங்கம் வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழித்தார். "தண்ணி." "ஃபேனு." "போதும்." கல்யாணமான புதிதில் ஷிப்ட் முடிந்து வந்து அவள் சோறு போட்டு முடிப்பதற்குள் மில்லில் நடந்தது பூராவும் சொல்லி முடிக்கிற மனிதர். இப்போது அவள் என்ன சொன்னாலும் இமையைத் தாழ்த்தி ஒரு 'ம்'. அதற்கும் மூச்சு செலவாகிறதோ என்று அவளும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அவளுக்கு இன்னொன்றும் போயிற்று. பிள்ளை சிறுவனாக இருந்த நாளிலிருந்து அவள் பீடி சுற்றினவள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பீடித் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு ஷமீமின் முன்னறைக்குப் போய்விடுவாள். அங்கே நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, மடியில் தட்டும் கண்ணில் டி.வி.யுமாக, தெருவில் இருக்கிற ஒருத்தர் விடாமல் பேசித் தீர்ப்பார்கள். புகையிலைத் தூள் வீட்டுக்குள் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷமீம் வீட்டிலேயே வைத்துச் சுற்றலாம் என்றால், இவரைத் தனியே விட்டு எப்படிப் போவது? தட்டு பரணுக்குப் போயிற்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவள் விரல்கள் தம்பாட்டில் முந்தானை ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரிப்பது கேட்கும். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் கேட்காது.

வெயில் தாழ்ந்ததும் தாஜ் முகம்மது வருவார். அவரும் மில்காரர்தான், குற்றாலலிங்கத்துக்கு அடுத்த மிஷினில் நின்றவர். மனைவி ஷரீபா பீவி மவுத்தான பிறகு பள்ளிவாசல் தெரு வீட்டில் தனியாக இருக்கிறார். மேலப்பாளையத்தில் கட்டிக்கொடுத்த மகள் அஸீலா வந்து தன்னோடு இருக்கும்படி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். அவர் போகவில்லை. முருங்கை மரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "மச்சான், இருக்கீரா வே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். குற்றாலலிங்கத்தின் முகத்தில் அப்போதுதான் ஆள் இருக்கிற வெளிச்சம் வரும். "பொறவு எங்க... போவேன்?" என்பார். மூச்சைச் செலவழித்து அவர் சொல்லும் வேண்டாத வார்த்தை அந்த நாளில் அது ஒன்றுதான்.

தாஜ் முகம்மது வந்து உட்கார்ந்ததும் பிரம்மநாயகி துணிவாளியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிவிடுவாள். வீட்டில் குழாய்த் தண்ணீர் வரத்தான் செய்கிறது. ஆனாலும் இரண்டு சேலையாவது துவைக்க இருக்கும். துவைத்து முடித்த பிறகு கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொள்வாள். மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த தண்ணீர். சித்திரையிலும் கணுக்கால் விறைக்கும். சின்ன மீன்கள் பித்தவெடிப்பைக் கொத்தும். அங்கே உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு ஒன்றும் கேட்காது. குப்பியின் கொப்புளிப்பு இல்லை, அடுத்த மூச்சு வருகிறதா என்று காது கொடுக்க வேண்டியதில்லை. இருட்டுகிற மட்டும் இருந்தாலும் கேட்பார் இல்லை. ஆனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பிவிடுவாள்.

திரும்பி வரும்போது அறையில் ஜன்னல் திறந்திருக்கும், ஃபேன் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு ஆண்களின் வாயிலும் கிராம்பு வாசம் அடிக்கும். தன் வாழ்நாளில் பாதியைப் பீடி இலையோடும் தூளோடும் கழித்தவளிடம் கிராம்பைக் கொண்டு எதை மறைக்க முடியும்? முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தாள். குற்றாலலிங்கம் சிரித்த முகத்தோடு இருந்தார். தாஜ் முகம்மது எதற்கோ, "அன்னைக்கு அந்த மேஸ்திரி ஓடுன ஓட்டம் இருக்கே" என்று தொடையைத் தட்டினார். கேட்டால் நாளைக்கு இவர் வரமாட்டார். வராவிட்டால் ஆறு இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, "காப்பி போடட்டுமா அண்ணாச்சி?" என்றுதான் கேட்டாள். அதிலிருந்து தினமும் அதைத்தான் கேட்டாள்.

அவர்களும் கவனமாகத்தான் இருந்தார்கள். மிஷினை நிறுத்தி, குழாயைக் கழற்றி ஆணியில் மாட்டி, ஜன்னலோரம் போய் உட்கார்ந்துதான் பற்றவைப்பது. ஒரே பீடி, மாற்றி மாற்றி. கெசியா வந்து சொல்லிப் போனதற்குப் பிறகு அதுவும் சில நாள் நின்றிருந்தது. பிறகு கிராம்பு வாசம் மறுபடி வந்தது.

நடந்தது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. தாஜ் முகம்மதுவுக்கு மகளிடமிருந்து போன் வந்தது. பேரனுக்குக் காய்ச்சல், அவசரமாக மேலப்பாளையம் போகவேண்டும். வந்ததும் வராததுமாக எழுந்துவிட்டார். பிரம்மநாயகி அதற்குள் ஆற்றுக்குப் போயிருந்தாள். போகும்போது குற்றாலலிங்கம் கையை நீட்டினார். தாஜ் முகம்மது யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பீடியையும் தீப்பெட்டியையும் எடுத்து அந்தக் கையில் வைத்தார். "மிஷின நிறுத்திட்டுப் பத்த வைக்கணும் வே" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடினார்.

குற்றாலலிங்கம் நிறுத்தவில்லை. மிஷின் அறையின் மறு மூலையில் இருந்தது. எழுந்து போய் நிறுத்தித் திரும்பி வர அவருக்குப் பயமாக இருந்திருக்கலாம். கூட ஆள் இருக்கும்போது மூச்சு முட்டுவது வேறு, ஒற்றையில் முட்டுவது வேறு. குழாயை மட்டும் மூக்கிலிருந்து இறக்கி, தாடைக்குக் கீழே விட்டுக்கொண்டு தீக்குச்சியை உரசினார்.

பிரம்மநாயகி தெருமுனை திரும்பும்போது நாற்றம் வந்தது. முடி கருகும் நாற்றம், பிளாஸ்டிக் எரியும் நாற்றம். வாளியோடு ஓடினாள். குற்றாலலிங்கம் கட்டிலில் உட்கார்ந்தபடி முகத்தை இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தார். குழாய் ஒரு சிவந்த புழுவைப் போல எரிந்துகொண்டே அவர் மார்பில் ஊர்ந்தது. தலையணை ஓரத்தில் நீலமாக ஒரு நெருப்பு. அவள் அதைப் பார்க்காமல் நேரே மூலைக்குப் போய் மிஷினின் சொருகியைப் பிடுங்கினாள். அப்புறம்தான் வாளியில் இருந்த ஈரச் சேலையை அள்ளி அவர் முகத்தோடும் மார்போடும் போர்த்தி அழுத்தினாள். எரிந்த குழாயைக் கையாலேயே பிய்த்து வீசினாள். உள்ளங்கையில் அது ஒட்டிக்கொண்டு வந்தது கூட அவளுக்கு உறைக்கவில்லை. சேலைக்கு அடியில் குற்றாலலிங்கம் மூச்சுக்குத் தவித்தார். நெருப்பு அணைந்துவிட்டதா என்று பார்ப்பதா, மிஷினை மறுபடி போடுவதா என்று தெரியாமல், "ஷமீமு! ஏ ஷமீமு!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். மீசை போயிற்று, மூக்கும் மேலுதடும் ஒரு கன்னமும் வெந்திருந்தன. உள்ளே தொண்டைக்குப் போகாதது நல்லகாலம் என்றார்கள். கணேஷ்ராம் ராத்திரி வண்டி பிடித்து வந்தான்.  அப்பா முகத்தைப் பார்த்தவன் வெளியே வந்து தாழ்வாரத் தூணில் கையை ஊன்றி நின்றான்.

"யாரு குடுத்தா தீப்பெட்டி?"

பிரம்மநாயகி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஆளுதானம்மா? அந்த ஆளு இனிமே நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது. நீங்க சொல்லுதீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

"நானே சொல்லுதேன்" என்றாள். மகன் போய்ச் சொன்னால் வார்த்தை தடிக்கும். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். 'எனக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சு' என்று மகனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. பழி முழுக்க ஒரு ஆள் தலையில் இறங்கிவிட்டது. அவள் அதை இறங்கவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து குற்றாலலிங்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே தாஜ் முகம்மது வந்தார். கையில் ஒரு பையில் சாத்துக்குடி. சைக்கிளை மரத்தில் சாய்க்காமல் பிடித்தபடியே நின்றார். அவள் வாசலுக்கு வந்து நிலையில் கையூன்றி நின்றாள். வழக்கமாக விலகி வழிவிடுகிறவள் விலகவில்லை.

"எப்படி இருக்கான் தங்கச்சி?"

"இருக்காக. அண்ணாச்சி, இனி நீங்க வரவேண்டாம். கணேசு சொல்லச் சொன்னான்."

அவர் தலையை ஆட்டினார். எதிர்பார்த்து வந்தவர் மாதிரி இருந்தது. பையை எங்கே வைப்பது என்று பார்த்துவிட்டு, படியில் வைத்தார். சைக்கிளைத் திருப்பினார். உள்ளே இருந்து குற்றாலலிங்கம் அந்தச் சைக்கிள் சத்தத்தைக் கேட்டிருக்கவேண்டும். அவள் அறைக்குள் போனபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆபத்து என்று சொல்ல ஒன்றும் இல்லை. கணேஷ்ராம் போவதற்கு முன் கரி அடுப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு மின்சார அடுப்பு வாங்கி வைத்தான். சுவர்மாடத்தில் பேட்டரி விளக்கு வந்தது. ஊதினாலும் அணையாது, காற்றிலும் ஆடாது. கெசியா வந்து கதவில் நெருப்புக் கூடாது என்ற படத்தை ஒட்டினாள். புதுக் குழாய் மாட்டி, கன்னத்துப் புண்ணைத் துடைத்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இப்பதாம்மா வீடு சரியா இருக்கு. இப்படியே வச்சுக்கோங்க" என்றாள். அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டிருந்தால் இவர் முகம் வெந்திருக்காது. "சரிம்மா" என்றாள் பிரம்மநாயகி. கெசியா படியிறங்கும்போது, இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போயேன் என்று கையைப் பிடித்து இழுக்கவேண்டும் போல இருந்தது. அந்தப் பிள்ளைக்கு இன்னும் எத்தனையோ வீடு.

தெருக்காரர்கள் யாரும் வீட்டுக்கு வருவதில்லை. அந்த மிஷின் வெடிக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ஷமீம் மட்டும் குழம்பு கொண்டு வருவாள், வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டு, "அண்ணன் எப்படி இருக்காக?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். குற்றாலலிங்கம் 'தண்ணி' என்பதையும் விட்டுவிட்டார். தாகம் என்றால் செம்பைப் பார்ப்பார். சோற்றை இரண்டு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி எல்லாம் சரியாக இருக்கிறது என்றே காட்டியது. வெயில் தாழ்கிற நேரம் வந்தால் மட்டும் அவர் கழுத்து நரம்பு இறுகும். தெருவில் எந்தச் சைக்கிள் போனாலும் அது தாண்டிப் போகிறவரைக்கும் கண்ணை மூடாமல் சுவரையே பார்த்துக்கொண்டு கிடப்பார்.

"ஏங்க, என் மேலயா கோவம்?" என்று ஒருநாள் கேட்டாள். "சொல்லித்தான் தொலைங்களேன். என்னத்தையாவது சொல்லுங்களேன்."

 அவர் முதுகு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. அவள் அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். வெந்து ஆறின உள்ளங்கைத் தோல் விறைத்துப்போயிருந்தது; முந்தானையைச் சுருட்டக்கூட விரல் மடங்கவில்லை. இப்படியே இவர் ஒருநாள் மூச்சை நிறுத்திக்கொண்டால், நெருப்பால் இல்லை, விழுந்து இல்லை, வழுக்கி இல்லை, எல்லாம் சரியாக இருக்கிற வீட்டில் சும்மா நிறுத்திக்கொண்டால், அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் ஷமீமைக் கூப்பிட்டாள். "கொஞ்சம் இவுகளப் பாத்துக்கோ. இந்தா வந்துருதேன்." ஷமீம் தயங்கினாள். அறைக்கு வெளியே நிலைப்படியில் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னாள். அது போதும்.

பள்ளிவாசல் தெருவில் தாஜ் முகம்மதுவின் வீடு திறந்தே கிடந்தது. அவர் நடுவீட்டில் தரையில் உட்கார்ந்து ஒரு சூட்கேசுக்குள் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்திருக்க முயன்று, முழங்கால் இடம் கொடுக்காமல் மறுபடி உட்கார்ந்தார்.

"வா தங்கச்சி. அவனுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல." சூட்கேசைப் பார்த்தாள். "எங்க?"

"அஸீலா வீட்டுக்குத்தான். எத்தன நாளைக்குத்தான் கூப்பிடுவா? இங்கன இருந்து இனி எனக்கு என்ன சோலி?"

அவள் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.  "வந்து இவுகளப் பாருங்க அண்ணாச்சி" என்றாள்.

"கணேசு வரப்படாதுன்னுட்டாம்லா."

"கணேசு சென்னையில இருக்கான். நாந்தான் இங்கன இருக்கேன்."

தாஜ் முகம்மது மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். "உனக்குச் சொன்னா வெளங்குமான்னு தெரியல. நான் வந்தா அவன் கை நீட்டுவான். அவன் கை நீட்டுனா எனக்கு இல்லன்னு சொல்ல வராது. அன்னைக்கும் வேண்டாம்னுதான் நெனச்சேன். நெனச்சுக்கிட்டே குடுத்தேன். அந்த மூஞ்சிய ஆஸ்பத்திரியில தூர நின்னு பாத்தேன் தங்கச்சி. என் கையாலதான் அப்படி ஆச்சு."

"உங்க கை மட்டும் இல்ல." அவள் நிலையிலிருந்து கையை எடுத்தாள். "நீங்க ரெண்டு பேரும் குடிக்கீயன்னு எனக்குத் தெரியும். அந்த நர்ஸுப் பிள்ளைட்ட கூசாம இல்லன்னு சொன்னேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"உனக்குத் தெரியும்னு எங்களுக்கும் தெரியும்" என்றார். "வாசல்லேருந்து தெருமுக்கு வரைக்கும் நீ ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்ல. 'பாவம், அவளுக்கும் மூச்சு விட ஒரு இடம் வேணும்லா'ம்பான் அவன்."

பிரம்மநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பற்றி அவர் பேசியிருக்கிறார். அவளிடம் செலவழிக்காத மூச்சை, அவளுக்காக இந்த மனிதரிடம் செலவழித்திருக்கிறார். 

"நானும் கூட உக்காந்துக்கிடுதேன்" என்றாள் கடைசியில். "நீங்க வாங்க. நான் எங்கயும் போவல. அவுக கை நீட்டுனா நான் இல்லன்னு சொல்லுதேன்."

"ஆத்துக்கு?"

"அது அங்கனயேதான் கிடக்கும்."

 அவள் கிளம்பும்போது சூட்கேஸ் மூடாமலேதான் இருந்தது. காலியாக இல்லை, நிறையவும் இல்லை.

வருவாரா மாட்டாரா என்று நினைக்கக்கூடாது என்று மறுநாள் முழுக்க வேலை செய்துகொண்டே இருந்தாள். வெயில் தாழ்ந்தது. குற்றாலலிங்கத்தின் கழுத்து நரம்பு இறுகியது. சைக்கிள் மணி கேட்கவில்லை, நடைச்சத்தம்தான் கேட்டது. தாஜ் முகம்மது நடந்தே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, துவைத்துத் தேய்த்தது. வாசலில் நின்று, பிரம்மநாயகி ஒன்றும் கேட்காமலே, சட்டைப் பையை வெளியே இழுத்து உதறிக் காட்டினார். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. "உள்ள வாங்க அண்ணாச்சி" என்று விலகினாள்.

அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. நாற்காலியைக் கட்டிலிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குற்றாலலிங்கம் திரும்பவில்லை. குப்பியில் தண்ணீர் கொப்புளித்தது. பிரம்மநாயகி அறை வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

நேரம் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது தாஜ் முகம்மது எழுந்து, கட்டிலைச் சுற்றிப் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சந்தில் தன்னை நுழைத்துக்கொண்டு நின்றார், குற்றாலலிங்கம் பார்க்கிற பக்கத்தில். வாயைத் திறக்கவில்லை. வலது கையைத் தூக்கி, இரண்டு விரலை வளைத்து, தோளில் தொட்டு, கீழே வீசினார்.

மில்லுக்குள் மிஷின்கள் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது; அதனால் மில்காரர்கள் எல்லாரும் கையால் பேசுவார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். கண்ணால் பார்த்ததில்லை. அது ஷிப்டுக்குள் இருந்த பேச்சு. வீட்டுக்கு வந்தது இல்லை.

குற்றாலலிங்கத்தின் முதுகு அசைந்தது. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்தது. மெலிந்து, ஊசி குத்தின இடமெல்லாம் கறுத்துப்போன கை. அது நெற்றிக்குப் போயிற்று, புரண்டது, மூன்று விரலைக் காட்டியது, மடங்கியது. தாஜ் முகம்மது பதில் சொன்னார். அவர் கை வேகமாகப் போயிற்று. இவர் கை மறித்தது. இடையில் ஒருதரம் குற்றாலலிங்கத்தின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, மூச்சுத் திணறுகிறதா என்று பிரம்மநாயகி எழப் போனாள். திணறல் இல்லை. ஒரு மூச்சும் வீணாகாமல் அவர் பேசிக்கொண்டிருந்தார். இத்தனை மாதத்தில் பேசாதது எல்லாவற்றையும் பேசினார்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதுகும், முதுகுக்கு மேலே எழும்பி எழும்பி விழும் ஒரு கையும், எதிரே தாஜ் முகம்மதுவின் முகமும்தான் தெரிந்தன. குற்றாலலிங்கத்தின் கை இப்போது உள்ளங்கையை மேலே விரித்து நீண்டு நின்றது. கேட்கிறதா? எதைக் கேட்கிறது? தாஜ் முகம்மது ஒரு கையைத் தூக்கி, கிழக்கே, மேலப்பாளையம் இருக்கிற பக்கம், தூரத்தில் எதையோ காட்டி, மெதுவாகத் தன் நெஞ்சுக்குக் கொண்டுவந்தார். போகிறேன் என்கிறாரா, போய்விட்டு வருகிறேன் என்கிறாரா? அவர் கண்ணில் நீர் நின்றது. கட்டிலில் இருந்த கை தாழவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த பிரம்மநாயகி, மடங்காத தன் கையை மடியிலிருந்து எடுத்து, ஒருவரும் பார்க்காத அந்த இடத்தில், தாஜ் முகம்மது செய்தது போலவே காற்றில் நீட்டி நெஞ்சுக்குக் கொண்டுவந்து பார்த்தாள்.